ரேஞ்ச்ல துப்பாக்கி சிக்கிக்கிட்டா: கேளுங்க, சொல்றேன்

போன இதழ்ல ஷூட்டிங் கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்காக கொஞ்சம் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் உக்காந்து படிச்சா பாதிக்கு மேல ஒரே விஷயத்ததான் கேக்குது, சுடும்போது துப்பாக்கி மக்கர் பண்ணா என்ன செய்யறது, எதுக்கு எல்லாரும் அப்படி கத்துறாங்க, நாமளே சரி பண்ணிக்கக் கூடாதான்னு. அதனால இந்த தடவ முழுக்க அதுதான். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

என் பொண்ணுக்கு 14 வயசு, ஆறு மாசமா 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுறா. போன வாரம் ட்ரிகர அழுத்தியும் சுடல. அவ கோச் பக்கம் திரும்பி "சார் வேலை செய்யல"ன்னு காட்டியிருக்கா. அவரு எல்லார் முன்னாடியும் கத்தி, ரெண்டு நாள் ரேஞ்சுக்கே வராதன்னு அனுப்பிட்டாரு. குழந்தை அழுதுட்டே வந்துச்சு. வெறும் ஏர் பிஸ்டல்தானே மேடம், இதுக்கு இவ்ளோ கோபமா? (ஒரு அப்பா, வேளச்சேரி)

சார், உங்க பொண்ணு அழுதது எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா கோச் கத்தின அந்த ஒரு நொடி சரிதான், அதுல நான் அவரு பக்கம். ரெண்டு நாள் வராதன்னு சொன்னது சரியில்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

10 மீட்டர் ரேஞ்ச்ல ஒருத்தர் நிக்கிற லேன் அகலம் ஒரு மீட்டர்தான். அதாவது பக்கத்து ஷூட்டரோட தலை உங்க பொண்ணோட தோள்ல இருந்து கை நீட்டினா தொடுற தூரத்துல இருக்கு. நாம யாரையாவது பாத்து பேசணும்னா கண்ணு போற பக்கம் உடம்பும் போகும், உடம்பு போற பக்கம் கையும் போகும், கையில பிஸ்டல் இருக்குங்கறது அந்த நேரத்துல மூளைக்கு ஞாபகமே இருக்காது, ஏன்னா மூளை முழுக்க "ஏன் சுடல, ஏன் சுடல"ன்னு ஓடிட்டிருக்கும். அப்படி ஒரு அரை வட்டம் திரும்பினா அந்த பேரல் வரிசையா எத்தன பேர் முகத்த கடந்து போகும்னு நீங்களே ரேஞ்ச்ல ஒரு நாள் பின்னாடி நின்னு பாருங்க. ஏர் பிஸ்டல் பெல்லட் 4.5 மில்லிமீட்டர்தான், அரை கிராம் ஈயம்தான், ஆனா அது நொடிக்கு 150 மீட்டர் அளவு வேகத்துல போகுது. கண்ணுல பட்டா கண்ணு போச்சு, அதுல மறு பேச்சே இல்ல.

இன்னொண்ணு, இத பெரியவங்களே தப்பா நெனைக்கிறாங்க. சுடாத துப்பாக்கிய காலி துப்பாக்கின்னு நெனச்சுக்கிறாங்க. அது காலி இல்ல. உள்ள பெல்லட் இருக்கு, காத்து இருக்கு, எதனாலயோ வெளிய வரல, அவ்வளவுதான். எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. சுட்டு முடிச்ச துப்பாக்கிய விட சுடாம நிக்கிற துப்பாக்கிக்குதான் அதிகமா பயப்படணும்.

அதனால அவளுக்கு வீட்டுலயே, பிஸ்டல் இல்லாம வெறுங்கையிலயே இத பழக்குங்க. ட்ரிகர அழுத்துறா, ஒண்ணும் நடக்கல, உடனே விரல் ட்ரிகர்ல இருந்து வெளிய, பேரல் டார்கெட்ட பாத்தபடியே, இன்னொரு கைய மேல தூக்கி, வாய் தெறந்து "மால்ஃபங்ஷன்"னு சத்தமா சொல்லணும், கழுத்து கூட திரும்பக் கூடாது. ஆள் வரும் வரைக்கும் நிக்கணும். கை வலிச்சா டார்கெட் பக்கமே பாத்தபடி மெதுவா டேபிள் மேல இறக்கலாம். தினம் பத்து தடவ, ஒரு வாரம். கூச்சமா இருக்கும், பரவால்ல. நெஜமா நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது, உடம்பு தானா செய்யணும்.

ஏன் சுடலங்கறதுக்கு ஏர் பிஸ்டல்ல பெரும்பாலும் சின்ன காரணம்தான் இருக்கும். நிறைய மேட்ச் பிஸ்டல்ல டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாம வெறும் ட்ரிகர் பழக்கம், பண்றதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், டிரை பிராக்டிஸ் முடிச்சிட்டு அத மாத்த மறந்திருப்பா. இல்ல லீவர முழுசா தெறந்து மூடியிருக்க மாட்டா. எலக்ட்ரானிக் ட்ரிகரா இருந்தா பேட்டரி. சிலிண்டர்ல காத்து கொறஞ்சிருக்கும். இதுல மோசமானது என்னன்னா, சுடலன்னதும் பெல்லட் போடலயோன்னு நெனச்சு இன்னொரு பெல்லட்ட உள்ள வைக்கிறது, அப்ப பேரலுக்குள்ள ரெண்டு சேந்து இறுகிக்கும், அத அப்புறம் ராடு விட்டுதான் தள்ளணும். இந்த சாக்குல சிலிண்டர் மேல அடிச்சிருக்கற தேதியையும் பாத்துருங்க, அதுக்கு 10 வருஷம்தான் ஆயுசு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பிஸ்டல்னா கட்டாயம் பாருங்க, 200 பார் அழுத்தம் அதுக்குள்ள அடைஞ்சு கெடக்குது.

இப்ப அந்த ரெண்டு நாள் விஷயம். கோச்கிட்ட தனியா, மரியாதையா பேசுங்க சார். துப்பாக்கி கெட்டுப்போனா திட்டு விழும்னு ஒரு குழந்தை மனசுல பதிஞ்சிருச்சுன்னா அடுத்த தடவ கைய தூக்காது, தானே ரகசியமா நோண்டிப் பாக்கும். அதுதான் எனக்கு கவலை.

அக்கா, நான் காலேஜ் செகண்ட் இயர், என்சிசி கேடட். கேம்ப்ல .22 ரைஃபிள் ஃபயரிங் அப்போ ட்ரிகர் இழுத்தேன், டிக்னு மட்டும் சத்தம் வந்துச்சு. நேரம் வீணாகுதேன்னு உடனே போல்ட்ட (பின்பக்கத்த மூடற இரும்புத் துண்டு) இழுத்து ரவுண்ட (தோட்டாவ) வெளிய எடுத்துட்டேன். பிஐ ஸ்டாஃப் (எங்களுக்கு பயிற்சி குடுக்கற ராணுவக்காரர்) செம கோவமாயிட்டாரு, 30 செகண்ட் வெயிட் பண்ணணும்னு தெரியாதான்னு கேட்டாரு. அதான் சுடலையே, எதுக்குக்கா காத்திருக்கணும்? (திருச்சி)

நல்ல கேள்வி தங்கச்சி, காரணம் சொல்லாம ரூல் மட்டும் சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது.

பெரிய துப்பாக்கி ரவுண்டுல பின்னாடி நடுவுல பிரைமர்னு, பத்த வைக்கற மருந்து வெச்ச ஒரு குட்டி மூடி இருக்கும், பின் அதுல போய் அடிக்கும். .22ல அப்படி தனியா கிடையாது, அந்த பித்தளை கேஸோட விளிம்புக்குள்ளயே மருந்து சுத்தி ஒட்டியிருக்கும், பின் அந்த விளிம்ப நசுக்கணும். ஃபேக்டரில அந்த மருந்து விளிம்பு முழுக்க ஒரே மாதிரி பரவாம எங்கயாவது ஒரு இடத்துல விட்டுப்போனா, பின் சரியா அந்த இடத்துல அடிச்சா, டிக். அதனாலதான் .22ல இந்த தொல்லை மத்ததை விட அதிகம். உன் தப்பும் இல்ல, ரைஃபிள் தப்பும் இல்லாம கூட இது நடக்கும்.

டிக்னு கேட்டதும் உள்ள என்ன நடந்துருக்குன்னு வெளிய இருந்து கண்டுபிடிக்க வழியே இல்ல. மருந்து பத்தவே இல்லாம இருக்கலாம், பெரும்பாலும் அதான். ஆனா அபூர்வமா, ஈரம் பட்ட மருந்தோ பழைய மருந்தோ பத்தியும் பத்தாம புகைஞ்சு, கொஞ்சம் லேட்டா வெடிக்கும். இதுக்கு பேரு ஹேங்ஃபயர். சேம்பர், அதாவது ரவுண்டு உக்கார்ற அறை, மூடி இருக்கும்போது அது வெடிச்சா ஒண்ணும் இல்ல, குண்டு டார்கெட் பக்கம் போயிடும், லேட்டா சுட்ட மாதிரி ஆச்சு. நீ போல்ட்ட தெறந்து ரவுண்டு பாதி வெளிய வந்த நேரத்துல வெடிச்சா? சேம்பரோட இரும்பு சுவர்தான் அந்த மெல்லிசு பித்தளைய இவ்வளவு நேரம் தாங்கிட்டு இருந்துச்சு, இப்ப அந்த சுவர் இல்ல, கேஸ் கிழிஞ்சு பித்தளை சில்லு உன் விரல்லயும் கன்னத்துலயும் வந்து குத்தும். கண்ணாடி போடாம இருந்தா கண்ணு.

லேட்டுன்னா பெரும்பாலும் ஒரு நொடிக்குள்ளதான். அப்படியிருந்தும் 30 செகண்ட்னு வெச்சிருக்காங்க, ஏன்னா பதட்டத்துல இருக்கற ஆளு எண்ணுற அஞ்சு, நெஜத்துல ரெண்டு. நிதானமா எண்ணு, பேரல் டார்கெட் பக்கம், முகத்த போல்ட் பக்கத்துல கொண்டுபோகாத, அப்புறம் ஸ்டாஃப் சொன்னதும் தெற.

வெளிய வந்த ரவுண்ட பாக்கெட்ல போடாத, சாவனிர் மாதிரி எடுத்துட்டு போற பசங்கள பாத்திருக்கேன், வேண்டவே வேண்டாம். ஸ்டாஃப் கையில குடு. அவரு விளிம்புல பின் பட்ட தடத்த பாப்பாரு. தடம் ஆழமா இருந்தா ரவுண்டு கோளாறு, லேசா நகம் பட்ட மாதிரி இருந்தா பின்னோ ஸ்பிரிங்கோ கோளாறு, இல்ல போல்ட் முழுசா மூடல, அப்ப அந்த ரைஃபிள ஓரமா எடுத்து வெக்கணும். நேரம் போகுதேன்னு அவசரப்பட்டியே, அது புரியுது எனக்கு. நேரத்த பாத்துக்க வேண்டியது ஸ்டாஃப்போட வேலை, அத அவருகிட்ட விட்டுடு.

கோயம்புத்தூர்ல கிளப் மெம்பர், .22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். ஒரு ஷாட்டுக்கு வழக்கமான சத்தம் வரல, "புஸ்"னு ஒரு மாதிரி வந்துச்சு, ஸ்லைடும் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் தானா பின்னாடி வர்ற மேல் பாகம்) பின்னாடி வரல. நான் ஸ்லைட இழுத்து விட்டு அடுத்தது சுட போனேன், பக்கத்து லேன் நண்பர் "நிறுத்து"ன்னு கத்தினாரு. பேரல்ல குண்டு மாட்டியிருந்துச்சு. அப்படியே சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அந்த நண்பருக்கு நீங்க காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கீங்க சார். இந்த பக்கத்துல நான் எழுதுறதுல எத மறந்தாலும் இத மட்டும் யாரும் மறந்துடாதீங்க.

இதுக்கு பேரு ஸ்க்விப். ரவுண்டுக்குள்ள பவுடர் இல்ல, இல்லன்னா ரொம்ப கொஞ்சம், இல்லன்னா ஈரமாகி சரியா எரியல. அந்த கொஞ்ச அழுத்தம் குண்ட கேஸ்ல இருந்து பிடுங்கி பேரலுக்குள்ள தள்ளிவிடும், ஆனா வெளிய வரைக்கும் தள்ள தெம்பு இருக்காது, நடுவழில நின்னுடும். பின்னாடி அடுத்த ரவுண்டு முழு வேகத்துல வந்து அது மேல மோதினா அந்த அழுத்தம் எங்க போகும்? பேரல் சுவர் மேலதான். .22ன்னா பேரல் உள்ள மோதிரம் மாதிரி வீங்கும், அதோட அந்த பேரல் முடிஞ்சுது. பெரிய குண்டு போடற கேலிபர்னா பேரலே வெடிச்சு பிளக்கும், கை போகும்.

நான் அப்படி வீங்கின பேரல் ஒண்ண கையில வாங்கி பாத்திருக்கேன். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. விரல் நுனிய மேல மெதுவா ஓட்டிட்டே வந்தா, பாதி தூரத்துல ஒரு மேடு, பச்சைப் பயறு தோலுக்கு அடியில இருக்கற மாதிரி. வெளிச்சத்துல பிடிச்சு உள்ள பாத்தா பளபளன்னு போற உள் சுவர்ல அந்த இடத்துல மட்டும் கருப்பா ஒரு வளையம். அந்த பிஸ்டலோட சொந்தக்காரர் ஒரு மணி நேரம் அத மடியில வெச்சுட்டே உக்காந்திருந்தாரு.

செமி ஆட்டோமேட்டிக்ல இது இன்னும் மோசம், ஏன்னா அழுத்தம் பத்தாததால ஸ்லைடு தானா பின்னாடி வராது, நமக்கு அது சாதாரண ஜாம் மாதிரியே தெரியும், கை தானா போயி ஸ்லைட இழுக்கும், அது பழக்கம். நீங்க செஞ்சதும் அதான். அதனால காதுக்கு பழக்கம் குடுங்க. சத்தம் மாறினா, கைக்கு வர்ற உதை கொறஞ்சா, டார்கெட்ல ஓட்டை விழலன்னா, எலக்ட்ரானிக் டார்கெட்ல ஷாட்டே காட்டலன்னா, நிறுத்துங்க. சந்தேகமா இருந்தாலும் நிறுத்துங்க. மேகசின கழட்டி, சேம்பர தெறந்து, ஆர்ஓ, அதாவது ரேஞ்ச் ஆபீசர், பாத்தப்புறம் பேரல்ல ராடு விட்டு பாக்கணும். மாட்டின குண்ட பித்தளை ராடு வெச்சு தட்டி எடுக்கணும், அதையும் துப்பாக்கி பழுது பாக்கற ஆர்மரரோ விவரம் தெரிஞ்சவரோதான் செய்யணும். இன்னொரு ரவுண்டு சுட்டா தள்ளிட்டு போயிடும்னு சொல்ற ஆளுங்க இன்னமும் இருக்காங்க. அவங்க பேச்ச கேக்காதீங்க.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இம்போர்ட்டட் ரவுண்டு விலையும் ஜாஸ்தி, சுலபமா கெடைக்கவும் கெடைக்காது, அதனால பழைய ஸ்டாக்க தூக்கிப்போட மனசு வராம வருஷக்கணக்கா அலமாரில வெச்சு சுடுறாங்க. மழைக்காலத்துல அந்த அலமாரி எவ்வளவு ஈரம் இழுக்கும். அதுவும் எண்ணெய் டப்பா பக்கத்துலயே ரவுண்டு பாக்ஸ வெச்சிருப்பாங்க, ஊடுருவுற எண்ணெய் கேஸ் வாய் வழியா உள்ள எறங்கி மருந்த கெடுத்துடும். ரெண்டையும் பிரிச்சு வைங்க, பாக்ஸ் மேல வாங்கின மாசத்த எழுதுங்க, காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

எண்ணெய் நிறைய விட்டா ஜாம் ஆகாதுன்னு சொல்றாங்களே, உண்மையா? (மதுரை)

இல்ல. .22 குண்டு மேல மெழுகு பூச்சு இருக்கும், அதுவும் கரியும் எண்ணெயும் சேந்தா பிசின் மாதிரி ஆயிடும், அப்புறம் அதுவே ஜாம் பண்ணும். தேய்ற இடத்துல ஒரு சொட்டு, மிச்சத்த தொடச்சிடுங்க. பேரலும் சேம்பரும் காஞ்சு இருக்கணும்.

டிஸ்ட்ரிக்ட் மேட்ச், 25 மீட்டர் பிஸ்டல். கேஸ் வெளிய வராம ஸ்லைடுல நட்டுக்கிட்டு நின்னுச்சு. நானே ஒரு தட்டு தட்டி எடுத்துட்டு கைய தூக்கினேன். ஆர்ஓ "அலவபிள் கிடையாது"ன்னுட்டாரு, சுடாத ஷாட் எல்லாம் ஜீரோ. ஜாம் ஆனத அவரும்தான் பாத்தாரு. இது அநியாயம் இல்லையா? (சேலம்)

மனசு வலிக்கும், தெரியும். ஆனா ரூல்படி அவரு செஞ்சது சரி தம்பி.

25 மீட்டர்ல மால்ஃபங்ஷன ரெண்டா பிரிப்பாங்க, அலவபிள், நான் அலவபிள். ரவுண்டு சுடல, குண்டு பேரல்ல மாட்டிக்கிச்சு, காலி கேஸ் வெளிய வரல, ட்ரிகர் வேலை செய்யல, பார்ட் ஒடஞ்சிருச்சு, இதெல்லாம் அலவபிள், உன் தப்பு இல்ல, அந்த சீரீஸுக்கு (ஒரு தொகுப்பா சுடற ஷாட்டுங்க) ரூல்ல வழி இருக்கு. சேஃப்டி எடுக்க மறந்தது, மேகசின சரியா சொருகாம அது கீழ விழுந்தது, ரவுண்டு கம்மியா போட்டது, ட்ரிகர முழுசா விடாம அடுத்தத அழுத்தினது, தப்பான ரவுண்டு போட்டது, இதெல்லாம் நான் அலவபிள். இந்த ரெண்டாவது லிஸ்ட்லயே இன்னொண்ணும் இருக்கு, ஆர்ஓ வந்து பாக்கறதுக்கு முன்னாடி ஷூட்டர் ஆக்ஷனையோ சேஃப்டியையோ தொட்டது. உன் கேஸ் அதான். நீ தட்டினப்பவே எது ஜாம், எது உன் கை பண்ணதுன்னு பிரிச்சு சொல்ல ஆதாரம் போயிடுச்சு. தூரத்துல இருந்து பாத்தேன்னு அவரு முடிவு சொல்ல முடியாது, கிட்ட வந்து துப்பாக்கி எந்த நிலைல நின்னுச்சோ அந்த நிலைல பாக்கணும்.

10 மீட்டர்ல இந்த சலுகையும் இல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கருக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஜூலை 25, பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் குவாலிஃபிகேஷன், 60 ஷாட், 75 நிமிஷம். 16 ஷாட் சுட்ட நெலைல அவங்க பிஸ்டலோட காக்கிங் லீவர், ஒவ்வொரு ஷாட்டுக்கும் தெறந்து மூடற கைப்பிடி, ஒடஞ்சு போச்சு. லேன விட்டு வெளிய போய் சரி பண்ணி, மறுபடி செக் பண்ணி, திரும்பி வந்து நிக்கும்போது மிச்சம் 44 ஷாட், கைல இருக்கற நேரம் 40 நிமிஷத்துக்கும் கம்மி. எக்ஸ்ட்ரா டைம் குடுக்கல. ஒரு ஷாட்டுக்கு ஒரு நிமிஷம் கூட இல்லாம சுட்டு 575 எடுத்தாங்க, 12வது எடம், ஃபைனலுக்கு போன கடைசி ஸ்கோர் 577. ரெண்டே பாயின்ட். அப்ப 19 வயசு அவங்களுக்கு. ஒலிம்பிக்ல பிஸ்டல் ஒடஞ்சு போய், நேரம் ஓடிட்டு இருக்கும்போது 44 ஷாட்ட அந்த தரத்துல சுட்டதுதான் எனக்கு பெருசா தெரியுது, ஆனா அன்னிக்கு டிவிலயும் ஃபோன்லயும் எல்லாரும் அந்த பொண்ணு பதட்டத்துல சொதப்பிட்டான்னுதான் பேசினாங்க, எனக்கு அன்னிக்கு சாப்பாடு எறங்கல. அதே ஈவென்ட்ல 2024 பாரிஸ்ல வெண்கலம் வாங்கினாங்க, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சரப்ஜோத் சிங் கூட சேந்து மிக்ஸட் டீம்ல இன்னொண்ணு.

இன்னொருத்தர் கதையும் சொல்றேன், அமெரிக்காவோட மேத்யூ எம்மன்ஸ். 2004 ஏதென்ஸ்க்கு கொஞ்ச மாசம் முன்னாடி ட்ரெய்னிங் சென்டர்ல வெச்சிருந்த அவரு ரைஃபிள யாரோ நாசம் பண்ணிட்டாங்க. சக ஷூட்டர் ஒருத்தரோட ரைஃபிள வாங்கிட்டு போய் 50 மீட்டர் ப்ரோன்ல (படுத்துக்கிட்டு சுடற போட்டி) தங்கம் அடிச்சாரு. இதுல நீ எடுத்துக்க வேண்டியது, ஸ்பேர் துப்பாக்கின்னு ஒண்ணு இருந்தா, கிளப்போடதோ நண்பரோடதோ எதுவா இருந்தாலும், அதுல மாசத்துக்கு ஒரு நாளாவது பழகியிருக்கணும். மேட்ச் அன்னிக்கு முதல் தடவையா கையில எடுத்தா கிரிப்பே புதுசா இருக்கும்.

எங்க தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டுல லைசென்ஸோட இருக்கு. ட்ராப் (பறக்குற தட்ட சுடற போட்டி) பழகலாம்னு ஆசை. ரேஞ்ச்ல ரெண்டு தடவ ஷெல் (தோட்டா) சுடல, ஒரு தடவ கேஸ் இறுகிக்கிட்டு வரவே இல்ல. உள்ளூர்ல ஒரு லேத் பட்டறைக்காரர் சரி பண்ணித் தரேங்கிறாரு. குடுக்கலாமா? (புதுக்கோட்டை)

குடுக்காதீங்க ஐயா. துப்பாக்கி ரிப்பேர் பண்றதுக்கே 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேணும், பட்டறைக்காரர் எவ்வளவு கைத்திறமை உள்ளவரா இருந்தாலும் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்கிட்டதான் போகணும்.

ட்ராப்புக்கு உங்க ஊர விட நல்ல ஊர் கெடையாது, பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் உங்க புதுக்கோட்டைக்காரர்தான். ஆனா தாத்தா துப்பாக்கில அத பழகணும்னு ஆசைப்படாதீங்க. பழைய துப்பாக்கிங்க நிறைய 65 மில்லிமீட்டர் சேம்பரோட செஞ்சது, இப்ப கெடைக்கிற ஷெல் பெரும்பாலும் 70. நீளம் கூடின ஷெல்லும் உள்ள போய் உக்காந்துக்கும், அதான் ஆபத்து, சுடும்போது அதோட வாய் விரிய இடம் பத்தாம அழுத்தம் எகிறும். கேஸ் இறுகி வரலன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம், பேரல் மேல இருக்கற முத்திரைய கன்ஸ்மித் பாத்தா சொல்லிடுவாரு. பேரல் மேல கயிறு முறுக்கின மாதிரி, தண்ணில எண்ணெய் மெதக்கற மாதிரி ஒரு டிசைன் தெரிஞ்சா அது டமாஸ்கஸ் பேரல், அதுல இந்த காலத்து ஷெல் போடவே கூடாது, சுத்தமா தொடச்சு தாத்தா ஞாபகமா வெச்சுக்குங்க.

சுடாம போன ஷெல்லுக்கும் அதே 30 செகண்ட்தான், குழல் பறக்குற தட்டு பக்கம் பாத்தபடி. மேட்ச்ல இருந்தீங்கன்னா துப்பாக்கிய தெறக்காம, சேஃப்டிய தொடாம, ரெஃபரி வந்து பாக்கற வரைக்கும் அப்படியே நிக்கணும். ஷெல்ல எடுத்தப்புறம் குழல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாக்காம அடுத்தத போடாதீங்க. சத்தம் சுருதி கொறஞ்சு வந்தா உள்ள வாட் (ஷெல்லுக்குள்ள மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவுல இருக்கற அடைப்பு) மாட்டியிருக்கலாம்.

இன்னொரு ஆபத்து, வீட்டுல 20 போர் துப்பாக்கியும் இருந்தா. 20 போர் ஷெல் கொஞ்சம் ஒல்லி, 12 போர் சேம்பர்ல போட்டா வழுக்கிட்டு உள்ள போய் குழல்ல மாட்டிக்கும், பின்னாடி பாத்தா காலியாத்தான் தெரியும், மறந்துட்டேனோன்னு 12 ஷெல்ல போட்டு சுட்டா ரெண்டும் சேந்து வெடிச்சு குழல் பிடிக்கற கையோட போகும். இதுக்காகத்தான் 20 போர் ஷெல்ல மஞ்சள் கலர்ல செய்யற வழக்கமே வந்துச்சு. ரெண்டையும் ஒரே பைல போட்டு எடுத்துட்டு போகாதீங்க ஐயா.

எங்க கிளப்ல ஜூனியர்களுக்கு ரேஞ்ச் ஆபீசரா உதவி பண்றேன். ரூல் எல்லாம் தெரியும். ஆனா ஒரு குழந்தை ஜாம் ஆன துப்பாக்கிய வெச்சுட்டு பதட்டத்துல நிக்கும்போது எங்க நிக்கணும், என்ன பேசணும்னு புரியல. கத்தினா இன்னும் பயந்து திரும்பிடுமோன்னு தோணுது. (சென்னை)

நான் எப்படி கத்துக்கிட்டேனோ அதையே சொல்றேன், இத விட நல்லா எனக்கு சொல்லத் தெரியாது.

எனக்கு அப்ப 16 வயசு, .22 பிஸ்டல் கைக்கு வந்து மூணே மாசம். அஞ்சு ரவுண்டு சீரீஸ்ல முதல் ரவுண்டே டிக். நான் திரும்பிட்டேன். பிஸ்டலோடயே, விரல் ட்ரிகர்ல இருக்க, "சார், இது அடிக்கல"ன்னு. பக்கத்து லேன்ல நின்ன அண்ணன் குனிஞ்சது இன்னமும் கண்ணுல நிக்குது, காது மூடி கழண்டு கழுத்துல தொங்குச்சு அவருக்கு.

ஆர்ஓ வயசானவர், ரிட்டையர்டு ஆர்மி. அவர் கத்தல. நாலு அடி தூரத்துல இருந்து, என்னமோ டீ வேணுமான்னு கேக்கற குரல்ல, "டார்கெட்ட பாரும்மா"ன்னு மட்டும் சொன்னாரு. என்ன பண்ணாதன்னு சொல்லல பாருங்க, என்ன பண்ணணும்னு சொன்னாரு, அதுவும் ரெண்டே வார்த்தை, பயந்த மண்டைக்கு அவ்வளவுதான் ஏறும். நான் டார்கெட்ட பாத்தேன், உடம்பு தானா திரும்பிடுச்சு. அதே நேரத்துல அவர் முன் பக்கமா வராம எனக்கு பின்னாடி சுத்தி வந்து வலது தோளுக்கு பக்கத்துல நின்னு, என் மணிக்கட்டுக்கு கீழ அவர் கைய குடுத்தாரு. பிடுங்கல, தாங்கினாரு. "விரல வெளிய எடு." எடுத்தேன். "நாம ரெண்டு பேரும் எண்ணுவோம்"னு சொல்லி சத்தமா முப்பது வரைக்கும் எண்ணினாரு, பதினஞ்சுக்கு மேல எனக்கு மூச்சு சீராச்சு. மேகசின் கழட்ட சொன்னாரு, ஸ்லைட இழுக்க சொன்னாரு, எல்லாத்தையும் என் கையாலயே செய்ய வெச்சாரு. ரவுண்டு டேபிள் மேல உருண்டு விழுந்துச்சு. அத எடுத்து விளிம்ப எனக்கு காட்டினாரு, அரிசி மொனை அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்குன்னு சொல்லி அந்த பிஸ்டலுக்கு, சேம்பர் காலின்னு காட்டற ஆரஞ்சு கலர் ஃப்ளாக் சொருகி ஓரமா வெச்சாரு.

அப்புறம் பெட்டில இருந்து கிளப் பிஸ்டல் ஒண்ண எடுத்து, தெறந்து காட்டி, டேபிள்ல வெச்சு, "இன்னும் நாலு இருக்கு உனக்கு, முடிச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டு ரெண்டு அடி பின்னால போய் நின்னுக்கிட்டாரு. கை நடுங்குச்சு. நாலையும் சுட்டு முடிச்சேன், ரெண்டு டார்கெட்டோட வெளி வெள்ளைல, ரெண்டு நடு கருப்புல. சீரீஸ் முடிஞ்சு அன்லோட் பண்ணினப்புறம்தான் அவர் பக்கத்து லேன் அண்ணன்கிட்ட என்ன கூட்டிட்டு போய் மன்னிப்பு கேக்க வெச்சாரு.